பெட்டியில் அச்சிடாத திகதி

2021 பெப்ரவரி 6 ஆம் திகதி காலை, கூகுள் டொட் எல்கே என்ற முகவரியைத் திறந்த இலங்கையர் பலருக்குத் தேடற்பெட்டி வரவில்லை. வேறொரு பக்கம் வந்தது. தேயிலைத் தொழிலின் நிலை, ஊடக சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினரின் குறைகள் என்று ஒரு துண்டுப்பிரசுரம் போல அதில் எழுதியிருந்தது. சுதந்திர தினம் கழிந்து இரண்டு நாள். ஆயிரம் ரூபா நாட்சம்பளம்தான் அப்போது தோட்டந்தோறும் பேச்சு. அதனால் மலையகத்தில் இந்தச் செய்தியைக் கேட்டு உள்ளூரச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

கூகுளின் கணினி ஒன்றுகூட அன்று உடைக்கப்படவில்லை. எல்கே என்று முடியும் பெயர்களைப் பராமரிக்கும் பதிவகத்தின் பட்டியலில் சில வரிகள் மாற்றப்பட்டிருந்தன, அவ்வளவுதான். நாம் பெயரைத் தட்டுகிறோம். கருவிகளுக்கோ எண்தான் வேண்டும். 'இந்தப் பெயருக்கு எந்த எண்?' என்று ஒவ்வொரு முறையும் யாரிடமாவது கேட்டுத்தான் அவை போகின்றன. டிஎன்எஸ் என்பது இந்தக் கேள்வி பதில் ஏற்பாடு. பதில் சொல்பவர் பொய் சொன்னால், சரியான பெயரைத் தட்டியும் தவறான வாசலில் போய் நிற்போம். அன்றைய கோளாறு சில மணி நேரத்தில் சரிசெய்யப்பட்டது. பத்திரிகைகள் எழுதின, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிக்கை விட்டது.

வீட்டில் இருக்கும்போது நம் கைபேசி அந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறது? பெரும்பாலும் ஜன்னலோரத்தில் மினுங்கிக்கொண்டிருக்கும் ரவுட்டரிடம். நாட்டின் பதிவகத்தில் நடந்தது ஒரு லயத்து அறையிலும் நடக்கலாம். அங்கே நடந்தால் அறிக்கை விட ஆளில்லை.

சப்ரகமுவவின் தோட்டப்பகுதிக்கு ரவுட்டர் வந்த கதை நகரத்துக் கதை அல்ல. இரத்தினபுரி, கேகாலை, பெல்மதுளை, மாவனெல்லை போன்ற இடங்களில் கம்பி இணைப்புக்கு வழி உண்டு. தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானைப் பக்கத்து மேல் டிவிஷன்களில் சிம் போட்ட ரவுட்டர்தான். அதையும் கோபுரம் இருக்கும் திசையில் உள்ள ஜன்னலில் வைத்தால்தான் இரண்டு கோடாவது காட்டும். 2020 இல் பள்ளிக்கூடங்கள் மூடியதும் பிள்ளைகளின் பாடம் கைபேசிக்குள் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், 1883 முதல் நடந்துவரும் கொழும்புத் தேயிலை ஏலமும் மின்னணு ஏலமாக மாறியது. காவத்தையிலோ பலாங்கொடையிலோ அரைத்த தூளின் விலை ஏதோ ஒரு திரையில் தீர்மானமாகிறது. அஸ்வெசும விண்ணப்பம், வெளிநாட்டில் இருக்கும் மகளின் வீடியோ அழைப்பு, வங்கிக் கணக்கு எல்லாமே அந்த ஒரு சிறு பெட்டி வழியாகத்தான்.

அது எவ்வளவு பழைய பெட்டி என்று பார்ப்பவர் குறைவு. 2022 இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியது. இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, கையிலிருப்பதை மாற்றும் எண்ணத்தையே பலர் விட்டார்கள். போதாததற்கு இடி. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் இந்த மாகாணத்தில் விழும் மின்னல் தொலைபேசிக் கம்பி வழியே வந்து ரவுட்டரைக் கருக்கிவிடும். மறுநாளே பிள்ளைக்கு வகுப்பு. டவுனுக்குப் போய்ப் பாவித்த ரவுட்டர் ஒன்றை வாங்கி வருவதுதான் மலிவான வழி. பெட்டியும் இல்லாமல், வெளிநாட்டு நிறுவனமொன்றின் சின்னத்தோடு, 'எந்த சிம்மும் வேலை செய்யும்' என்ற உத்தரவாதத்தோடு அது வரும். ஒரு நிறுவனத்துக்கென்று பூட்டியிருந்த ரவுட்டரை எல்லா சிம்முக்கும் திறந்துவிட, பல மாடல்களில் அதன் உள் மென்பொருளையே கழற்றிவிட்டு, யாரோ திருத்திய ஒன்றை ஏற்றுகிறார்கள். திருத்தியவர் யார், வேறு எதையெல்லாம் திருத்தினார் என்று விற்பவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு தயாரித்த நிறுவனமே புதுப்பிப்பு வெளியிட்டாலும் அது இந்தப் பெட்டிக்குள் ஏறாமல் போகலாம்.

அந்த உள் மென்பொருளைத்தான் ஃபர்ம்வெயார் என்கிறோம். ரவுட்டர் ஒரு முழுக் கணினி. திரையும் விசைப்பலகையும் மட்டும் இல்லை. எட்டு, பதினாறு மெகாபைட் அளவுள்ள சிறு நினைவகத்தில் ஒரு லினக்ஸ், முகவரி வழங்கும் நிரல், டிஎன்எஸ் கேள்விகளை ஏந்திச் செல்லும் நிரல், 192.168.1.1 என்று தட்டினால் வரும் அமைப்புப் பக்கத்தைத் தரும் சின்ன வலைச் சேவையகம் என்று அத்தனையும் அடைத்து வைத்திருப்பார்கள். இதை எழுதியது பெட்டியில் பெயர் போட்டிருக்கும் நிறுவனம் மட்டுமல்ல. சிப் செய்பவர் ஒரு அடிப்படைத் தொகுப்பைத் தருவார். பலகை செய்பவர் அதன்மேல் தன் பங்கை எழுதுவார். இணையச் சேவை நிறுவனம் தன் சின்னத்தையும் நிறத்தையும் பூசும். அடித்தட்டில் ஓர் ஓட்டை இருந்தால், மேலே எத்தனை சின்னம் உண்டோ அத்தனையிலும் அது இருக்கும்.

2014 டிசம்பரில் செக் பொயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ரொம்பேஜர் என்ற சிறு வலைச் சேவையக நிரல் பல நிறுவனங்களின் ரவுட்டர்களுக்குள் இருந்தது. அதிலிருந்த ஒரு தவறால், வெளியிலிருந்து ஒரு குக்கியை அனுப்பியே ரவுட்டரின் நிர்வாகியாகிவிட முடிந்தது. 189 நாடுகளில் 1 கோடியே 20 இலட்சம் கருவிகள் இந்த நிலையில் இருந்ததாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். அந்த நிரலை எழுதிய அலெக்ரோ நிறுவனம் தவறைத் திருத்தியது 2005 இலேயே! ஒன்பது ஆண்டுகளாகத் திருத்தம் கிடந்தது. பழைய பிரதியை வைத்தே புதிய பெட்டிகள் செய்யப்பட்டு விற்பனையாகிக்கொண்டும் இருந்தன. கடையில் புதிதாக வாங்கினோம் என்பதால் உள்ளே இருப்பதும் புதிது என்று ஆகாது.

2021 ஓகஸ்டில் இன்னொன்று. ஆர்காடியன் என்ற நிறுவனம் எழுதிய ஃபர்ம்வெயாரில் பத்தாண்டுக்கு மேலாகக் கிடந்த ஓட்டையை டெனபிள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் அதே ஓட்டை இருந்தது. விவரம் வெளியான இரண்டே நாளில் அதைப் பயன்படுத்தித் தாக்குதல் தொடங்கிவிட்டது.

ஆதரவு நின்றுபோன, அதாவது தயாரிப்பாளர் இனித் திருத்தம் வெளியிடாத மென்பொருளின் ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. பலர் கவனிக்காததும் இதைத்தான். திருத்தம் வெளியாகும்போது, திருத்தியது எந்த இடத்தை என்பதும் வெளியாகிறது. பழைய பிரதியையும் புதிய பிரதியையும் அருகருகே வைத்து ஒப்பிடத் தெரிந்த எவனுக்கும் ஓட்டை எங்கே என்று விளங்கிவிடும். புதுப்பிப்பைப் பெற்றவர் தப்பித்துக்கொள்வார். அதே அடித்தட்டில் செய்த, ஆனால் ஆதரவு முடிந்துபோன மாடலை வைத்திருப்பவருக்கு அந்தத் திருத்தம் வராது. ஓட்டையைப் பற்றிய அறிவு மட்டும் உலகத்துக்குப் போய்விடும். மருந்துப் போத்தல் காலாவதியானால் அதன் வீரியம் குறையும். ரவுட்டரில் எதுவும் குறைவதில்லை, வேகம்கூட அப்படியே இருக்கும். முதல்நாள் எழுதிய அதே வரிகள்தான் உள்ளே கிடக்கின்றன. வெளியே இருப்பவர்கள் அந்த வரிகளைப் பற்றி மேலும் மேலும் கற்றுக்கொள்கிறார்கள்.

ஜெர்மனியின் பிராவ்ன்ஹோஃபர் ஆய்வு நிலையம் 2020 இல் 127 வீட்டு ரவுட்டர்களின் ஃபர்ம்வெயாரைச் சோதித்தது. 46 மாடல்களுக்கு ஓராண்டாக ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பும் வந்திருக்கவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை 2.6.36 அல்லது அதற்கும் முந்திய லினக்ஸ் கருவில் ஓடின. அந்தக் கருவுக்குக் கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்தது 2011 இல். ஐரோப்பியச் சந்தையில் அன்று விற்பனையில் இருந்த புதிய பெட்டிகளின் கதை இது. கை மாறி, கடல் தாண்டி வந்த பெட்டிகளின் கதையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஓட்டை வழியே நுழைந்தவன் என்ன செய்வான்? பிரேசிலைப் பார்த்தால் தெரியும். 2011 இல் தொடங்கி அந்நாட்டில் 45 இலட்சம் மோடெம்களின் டிஎன்எஸ் அமைப்பு திருட்டுத்தனமாக மாற்றப்பட்டது. கஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஃபாபியோ அசோலினி 2012 இல் அதன் விவரத்தை வெளியிட்டார். ஒரே சிப்பின் ஃபர்ம்வெயாரில் ஒரே ஓட்டை, இரண்டு சிறு நிரல்கள், பொய் சொல்லும் சேவையகங்கள் நாற்பது. வங்கியின் சரியான முகவரியைத்தான் மக்கள் தட்டினார்கள். போலி வங்கிப் பக்கம் வந்தது. கணினியில் வைரஸ் தேடினார்கள், எதுவும் அகப்படவில்லை. அகப்படாதுதான். நோய் கணினியில் இல்லை. சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் இருந்தது.

இன்று இந்த வித்தை முன்போல இலகுவல்ல. வங்கியின் பக்கமும் முகநூலும் சான்றிதழ் காட்டித்தான் திறக்கும். பொய்ச் சேவையகத்திடம் அந்தச் சான்றிதழ் இருக்காது, உலாவி உடனே எச்சரிக்கும். ஆனால் எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். 'நெட் ஸ்லோ போல' என்று நினைத்து, எதையாவது அழுத்தி அப்பால் போகப் பழகிய கைகள் எத்தனை!

'எங்ககிட்ட திருட என்னாங்க இருக்கு?' என்று தோட்டத்தில் யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வங்கிக் கணக்கில் மாதக் கடைசியில் எதுவும் இருக்காது. ஆனால் திருடப்படுவது உங்கள் பணமாக இருக்க வேண்டியதில்லை, உங்கள் இணைய முகவரி போதும். 2025 மே மாதம் அமெரிக்க எஃப்பிஐ இரண்டு தளங்களைக் கைப்பற்றியது: எனிபுரொக்ஸி, 5சொக்ஸ். ஆதரவு முடிந்த பழைய ரவுட்டர்களுக்குள் புகுந்து, அவற்றின் வழியாக இணையத்தில் உலவும் உரிமையை வாடகைக்கு விட்டதுதான் அந்தத் தளங்களை நடத்தியவர்களின் வியாபாரம். மாதக் கட்டணம் 9.95 டொலரிலிருந்து 110 டொலர் வரை. மொத்தம் 4 கோடியே 60 இலட்சம் டொலருக்கு மேல் சம்பாதித்ததாகக் குற்றப்பத்திரிகை சொல்கிறது. எஃப்பிஐ வெளியிட்ட எச்சரிக்கைப் பட்டியலில் லிங்க்சிஸ் ஈ1200, ஈ2500 போன்று ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த மாடல்கள் இருந்தன. வாடகைக்கு எடுத்தவன் செய்யும் மோசடிக்கு, பெட்டியின் சொந்தக்காரர் முகவரியே சாட்சியாகப் பதிவாகும். பொலிஸ் தேடிக்கொண்டு முதலில் வருவது அந்த வீட்டுக்கு. சட்டத்தரணியைப் பிடிக்க வசதியுள்ள வீடாக அது இருக்க வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒரு சின்ன ஆறுதலையும் சொல்லிவிட வேண்டும். சிம் ரவுட்டர்களுக்குச் சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் தனி முகவரி தருவதில்லை. பல வாடிக்கையாளர் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். உலகம் முழுவதையும் எண் வாரியாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்களுக்கு அவர்கள் நேரடியாகத் தென்படுவதில்லை. கம்பி இணைப்புக்கும், ஐபிவி6 முகவரி பெறும் கருவிக்கும் இந்தத் திரை இருக்கும் என்று நம்ப முடியாது. திரை இருந்தாலும் உள்ளிருந்து வரும் தாக்குதலை அது தடுக்காது: கைபேசியில் திறந்த ஏதோ ஒரு பக்கம், உங்களுக்குத் தெரியாமல் 192.168.1.1 இன் கதவைத் தட்டி, 'அட்மின், அட்மின்' என்று சொல்லிப் பார்க்கும். கடவுச்சொல் மாற்றாத வீட்டில் கதவு திறந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. ரவுட்டருக்குள் புகும் நச்சு நிரல்களில் பல, மிராய் போன்றவை, தற்காலிக நினைவகத்தில்தான் குடியிருக்கும். மின்சாரம் போனால் அழிந்துவிடும். 2022 மார்ச்சில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, இலங்கையின் ரவுட்டர்கள் தினமும் குளித்து எழுந்தன என்று சொல்லலாம். ஆனால் ஓட்டை அப்படியே இருப்பதால், வெளிச்சம் வந்ததும் நிரலும் திரும்பி வரும். 2018 இல் 54 நாடுகளில் 5 இலட்சம் கருவிகளுக்குள் இருந்த விபிஎன்ஃபில்டர் போன்றவையோ மறுதொடக்கத்தையும் தாண்டி உயிரோடிருக்கக் கற்றுக்கொண்டவை.

இதையெல்லாம் தோட்டத்து மக்களின் அறியாமை என்று யாராவது எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொழும்பைப் பாருங்கள். 2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பு கப்பம் கேட்கும் மென்பொருளிடம் சிக்கியது. கவ் டொட் எல்கே என்று முடியும் சுமார் 5,000 முகவரிகள். அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மென்பொருள் கோப்புகளைப் பூட்டியது, இணைப்பிலேயே வைத்திருந்த காப்புப் பிரதியையும் சேர்த்துப் பூட்டியது. சேவை பன்னிரண்டு மணி நேரத்துக்குள் திரும்பியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்களுக்கு வேறு காப்புப் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேலான அரச கடிதப் போக்குவரத்து போனது போனதுதான்.

அந்த அமைப்பு ஓடியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருளில். மைக்ரோசொஃப்ட் அதற்கான ஆதரவை 2023 ஏப்ரல் 11 உடன் முடித்துக்கொண்டது. பத்தாண்டுக்கு முன்பே அறிவித்த திகதி அது. ஒளித்து வைத்த இரகசியம் அல்ல. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் கொடுத்த விளக்கம் நேர்மையானது, அதனாலேயே மனதைச் சங்கடப்படுத்துவது: 2021 முதல் புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிட்டிருந்தோம், நிதிப் பற்றாக்குறையாலும் முந்தைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் தாமதமாகிவிட்டது என்றார்கள். டொலர் இல்லாத நாட்டில் உரிமக் கட்டணம் கடைசிக் கவலையாகிவிடுகிறது. இடி விழுந்த வீட்டில் பாவித்த ரவுட்டர் வாங்குவதற்குப் பின்னாலும் இதே கணக்குத்தான் இருக்கிறது. வேலை செய்யும் ஒன்றை மாற்றப் பணம் ஒதுக்க வேண்டும் என்று வறுமையில் இருப்பவரை நம்பவைப்பது கடினம். அமைச்சரவையையே நம்பவைக்க முடியவில்லை என்றால் ஒரு கொழுந்துக்காரரை எப்படி நம்பவைப்பது?

ஆதரவு முடியும் திகதியைத் தீர்மானிப்பவர் ஒருவர், அதன் விலையைச் செலுத்துபவர் வேறொருவர் என்பதுதான் இதில் எனக்கு உறுத்தும் விஷயம். தயாரிப்பாளருக்குப் பழைய மாடலைத் திருத்துவது செலவு. புதியதை விற்பது வரவு. அதே பெட்டி இன்னும் பத்தாண்டு ஓடக்கூடியது என்பது அவர் கணக்கில் வராது. சில மாடல்களுக்கு ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ஃபர்ம்வெயார் மறுபிறவி தருகிறது. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூல நிரல் வெளியே வந்ததில் தொடங்கிய முயற்சி அது. ஆனால் நான்கு மெகாபைட் நினைவகம் கொண்ட பழைய பெட்டிகளில் இப்போதைய பதிப்புகள் அடங்குவதில்லை. பலவகை சிம் ரவுட்டர்களுக்கு அந்த வழியே கிடையாது.

மாற்ற முடியாதவர் செய்யக்கூடியவை சில உண்டு, செலவு இல்லாதவை. அமைப்புப் பக்கத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது முதல் வேலை. வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. 'ரிமோட் மெனேஜ்மன்ட்' என்ற வரி திறந்திருந்தால் அடைத்துவிடலாம். டிஎன்எஸ் என்ற இடத்தில் அறியாத எண் எதுவும் குந்தியிருக்கிறதா என்று பார்க்கலாம். சந்தேகமாக இருந்தால் கைபேசியிலேயே 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற வசதியில் நம்பகமான ஒரு சேவையைக் குறித்துவிட்டால், ரவுட்டர் சொல்லும் பதிலைக் கைபேசி கேட்காது. வங்கி வேலையைச் செய்யும் அந்த ஐந்து நிமிடத்துக்கு வைஃபையை அணைத்துவிட்டு கைபேசியின் சொந்த டேட்டாவில் செய்வது எல்லாவற்றையும் விட எளிது. இவையெல்லாம் ஒட்டுப்போடும் வேலைகள்தான். ஓட்டை அடைபடாது, அதன் வழியே வருபவனுக்குக் கிடைப்பது குறையும்.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் செய்திருக்கிறது. அது 2024 டிசம்பர் 10 இல் நடைமுறைக்கு வந்தது; அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயமாகும். இணையத்தோடு இணையும் பொருளுக்குப் பொதுவாகக் குறைந்தது ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும்; ஆதரவு எந்த ஆண்டு எந்த மாதம் முடியும் என்பதை வாங்கும் நேரத்திலேயே சொல்ல வேண்டும். இந்தப் பொறுப்பு அங்கே விற்கும் பொருளுக்குத்தான். அங்கே விற்க முடியாமல் போகும் சரக்கு எந்தத் துறைமுகத்தைத் தேடும் என்ற கவலை எனக்கு உண்டு. ஆனால் ஒரு மாடலின் முடிவுத் திகதி பெர்லினில் அறிவிக்கப்பட்டால் அதை இரத்தினபுரியிலிருந்தும் படிக்கலாம். பெட்டியின் அடிப்பக்கத்தில் சிறிய எழுத்தில் மாடல் எண் ஒட்டியிருக்கும். அதைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்து, பக்கத்துத் தேநீர்க்கடையில் அமர்ந்து தேடிப் பார்த்துவிட்டு, பிறகு உள்ளே போய்ப் பணத்தைக் கொடுக்கலாம்.